ஆசை இல்லாதவருக்கே வண்டி

பழைய வண்டி வாங்கி ஏமாந்தவர் என்று அந்த ஊரில் இன்றைக்கு ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. அந்தப் பெருமை முழுக்க, பழைய வண்டி வாங்குவோர் நலன் காக்கும் வாரியத்தையே சேரும். வாரியம் வருவதற்கு முன்னால் மக்கள் தங்கள் பாட்டுக்குப் போய் வண்டியைப் பார்ப்பார்கள், டயரை ஓர் உதை உதைப்பார்கள், விலை பேசி ஓட்டிக்கொண்டு போவார்கள். பாதிப் பேர் பாதி வழியில் நிற்பார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் யாரும் வாங்குவதில்லை. எப்போதாவது ஒருவர் தப்பித் தவறி வாங்கிவிடுவதை மட்டும் வாரியம் தன் ஆண்டறிக்கையில் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறது.

அப்படித் தப்பித் தவறி வாங்கிய ஒருவரின் கதை இது. அவரை எல்லோரும் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் கட்டில் மெத்தை எல்லாவற்றையும் பிரித்து, புதிதாகப் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அவர் ஆணி அடிப்பார், மனைவி உறை தைப்பாள். பழைய சோபாவைப் பிரித்தால் பஞ்சு மட்டுமா வருகிறது? ஒரு குடும்பத்தின் இத்தனை வருஷத் தூசியும் சேர்ந்து வருகிறது. அந்தத் தூசி அவரை விட்டுவிட்டு அவர் மனைவியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய வழியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். "நல்ல காத்து படட்டும், மனசு சந்தோஷமா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மருந்துக் கடையில் சீட்டு எழுதித் தர முடியாது.

வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. அவள் படுத்திருக்கும் பின்னறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் இறங்கும் மழைத்தண்ணிக் குழாயும் தெரியும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தால் இருமலில் பிடி நழுவிவிடும். சோபாக்காரர் சாயங்காலம் வந்ததும், தான் போன தெருக்களை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்வார். எந்தக் கடையை மூடிவிட்டார்கள், எந்த வீட்டு பால்கனியில் என்ன காய்கிறது என்றெல்லாம் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க சொல்றதுல பாதி போன வாரமே சொன்னதுங்க" என்பாள். 

அப்போதுதான் தண்ணிக் கேன் போடுகிறவர், முதுகு போய்விட்டது என்று தன் டீசல் பிக்கப் வண்டியை விற்கக் கிளம்பினார். சோபாக்காரருக்கு அவர் தம்பி மாதிரி. வாரியத்தின் சட்டதிட்டம் எதுவும் தெரியாத அந்த அப்பாவி, வண்டியை நேரே சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணி, ஒரு தடவ ஏறிப் பாருங்க" என்றார். இருவருமாகத் தாங்கிப் பிடித்து அவளை முன் சீட்டில் ஏற்றினார்கள். குளிர்ந்து கிடந்த எஞ்சின் நாலு தடவை லொக்கு லொக்கென்று இருமி, குப்பென்று வெள்ளைப் புகையைத் துப்பிவிட்டுக் கிளம்பியது.

"இது என்னை விட மோசமா இருமுதுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப காலமாகியிருந்தது. சோபா ஏற்றவும் ஆச்சு, முன் சீட்டில் அவளை உட்கார வைத்து வேலைக்கு எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போகவும் ஆச்சு என்று சோபாக்காரர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். வாரியத்தின் பார்வையில் அவர் செய்த முதல் குற்றம் அதுதான்.

முடிவு செய்வது வாரியத்தின் வேலை. வாங்குகிறவர் வாரியத்துக்குப் போக வேண்டும்; வண்டியும் போக வேண்டும். முடிவு வரும் வரைக்கும் வண்டி வாரியத்தின் முற்றத்தில்தான் நிற்கும். விற்கிறவர் அதைக் காட்டி வாங்குகிறவருக்கு ஆசை மூட்டிவிடக் கூடாதல்லவா!

வாரியத் தலைவர் புதிதாக வந்தவர்களை மாடியில் கூட்டி வைத்துப் பேசினார். அவருக்குப் பேச்சு என்றால் உயிர்.

"நாங்க வண்டியச் சோதிக்கிறதே இல்ல. வண்டி பாவம், அதுக்கு என்ன தெரியும்? புகை விடுற வண்டி புகை விட்டுக் காட்டிடுது. எண்ணெய் ஒழுகுற வண்டி ஒழுகிக் காட்டிடுது. அது ஏமாத்துறதில்ல. விக்கிறவனும் ஏமாத்துறதில்ல, அவன் பொழப்பு அவன் பாக்கிறான். ஏமாத்துறது யாரு? உங்க ஆசை! அதனால நாங்க உங்களைத்தான் சோதிப்போம். ஆசை என்னைக்கு அடங்குதோ, அன்னைக்கு வண்டி உங்களுக்கு. இப்போ என்னையே எடுத்துக்கங்க. இந்தப் பதவி மேல எனக்கு ஒரு துளி ஆசை கிடையாது. வேண்டாம் வேண்டாம்னு நான் சொல்லச் சொல்ல, ஓய்வு வயசு தாண்டியும் என்னை இதே நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க. ஆசை இல்லாதவனைத் தேடி எல்லாம் வரும். காரு வந்துச்சு. பங்களா வந்துச்சு. நான் கேட்டேனா?"

கேட்டிருக்க மாட்டார் என்றுதான் சோபாக்காரரும் நினைத்தார்.

படியிறங்கி வரும்போது கேன்காரர் அவர் காதைக் கடித்தார். "அண்ணே, உள்ள கூப்பிட்டு ஆசை இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேலை முடிஞ்சுது."

"இருக்கிறதை இல்லைன்னு எப்படிப்பா சொல்றது?"

"வாயால சொல்லுங்கண்ணே."

சோபாக்காரருக்கு அந்த வித்தை வரவில்லை. ஆலோசகர் அம்மா ரொம்பத் தன்மையானவர். தலையணைக்கு உறை போடுவதுபோல அலுங்காமல் பேசுவார். எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வண்டிய ஏற்கெனவே பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேங்க. என் வீட்டுக்காரி உக்காந்தே பார்த்துட்டா."

அம்மாவின் பேனா நின்றது. "உக்காந்தாங்களா?"

"ஆமாங்க. உக்காந்து சிரிச்சா."

"சத்தமாவா?"

"கொஞ்சம் சத்தமாத்தான்."

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். சும்மா பார்த்தால் லேசான ஆசை, உட்கார்ந்து பார்த்தால் நடுத்தர ஆசை, சிரித்தால் முற்றிய ஆசை. சத்தமாகச் சிரித்த கேஸ் அந்த மேஜைக்கு அதுவரை வந்ததே இல்லை.

"இந்த வண்டி இல்லாம உங்களால இருக்க முடியுமா, முடியாதா?"

"என்னால முடியுங்க. அவளால முடியாது."

"அவங்க வாங்கலையே. நீங்கதானே வாங்குறீங்க?"

அன்றைக்கே அவரைக் குறை சொல்லும் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள்.

குறை சொல்லும் பயிற்சி முற்றத்தில் நடக்கும். வாங்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அவரவர் வண்டிக்கு முன்னால் நின்று, அதன் குறைகளை வண்டியின் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளை வாய் கூசாமல் திட்டினார். மச்சானிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அதனிடம் காட்டினார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவருக்கு வண்டி மேல் உண்மையிலேயே வெறுப்பு வந்து, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாரியம் அன்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தது.

சோபாக்காரர் பிக்கப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. தயங்காதீங்க" என்றார் பயிற்சியாளர்.

"ஏறுற படி கொஞ்சம் உயரங்க. அவளுக்குக் கால் எட்டாது."

"சபாஷ்! அப்புறம்?"

"அதுக்குத்தான் ஒரு சின்ன முக்காலி செஞ்சிட்டேன். மேல பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கேன்."

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் ஜன்னல் கண்ணாடி முழுக்க இறங்காது என்று குறை சொன்னார் சோபாக்காரர். "காத்து அதிகமா அடிச்சா அவளுக்கு இருமல் வரும், அதனால அதுவும் நல்லதுக்குத்தான்" என்று அதையும் கெடுத்துக்கொண்டார். எஞ்சின் சத்தம் போடுகிறதே என்று அவர்களாகவே எடுத்துக் கொடுத்தபோது, "அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி இருந்துச்சாம்" என்றார். இப்படிக் குறையை எல்லாம் நிறையாக்கிக்கொண்டிருந்தால் எந்த வாரியம் தாங்கும்?

அவர் பயிற்சியில் தேறாமல் இருக்க இருக்க, வண்டி முற்றத்தில் காய்ந்தது, நனைந்தது. டயரில் காற்று இறங்கியது. பேட்டரி செத்தது. வண்டிக்கு அடியில் துரு ஏறியது. பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் சந்தோஷமாகக் காட்டினார். "பாத்தீங்களா, அன்னைக்கே வாங்கியிருந்தா இந்தத் துருவெல்லாம் உங்க தலையில விடிஞ்சிருக்கும்!" கேன்காரர் ஒருநாள் அதைப் பார்க்க வந்து, காற்று இறங்கிய டயரைத் தடவிப் பார்த்தார். "நான் ஓட்டினப்போ இது ஒரு மத்தியானம்கூட ஒரே இடத்துல நின்னதில்லண்ணே" என்றார்.

வீட்டில் அவளும் அதே மாதிரி வண்டிக்காகக் காத்திருந்தாள். சும்மா இருக்கவில்லை, முன் சீட்டுக்கு ஓர் உறை தைக்க ஆரம்பித்திருந்தாள். கடையில் மிஞ்சிய நீலத் துணி. அன்று உட்கார்ந்திருந்தபோதே கையால் சாண் போட்டு அளவு எடுத்துவிட்டாளாம். நாலு தையல் போடுவாள், இருமுவாள், படுத்துக்கொள்வாள். மறுபடி எழுந்து நாலு தையல் போடுவாள்.

பிறகு வாரியத்திலிருந்து ஆள் வந்தது. ஆசையின் மூலகாரணத்தை நேரில் விசாரிக்க வேண்டுமாம். மூலகாரணம் என்றால் அவள்தான். வாடகைக்கு ஒரு காரைப் பிடித்து, தலையணை முட்டுக் கொடுத்து அவளைக் கூட்டிப் போனார் சோபாக்காரர். போன பிறகுதான் தெரிந்தது, விசாரணை மாடியில். அவளால் ஒரு படிகூட ஏற முடியாது. தலைவர் கீழே வரலாமே என்று சோபாக்காரர் கேட்டார். தலைவர் இறங்கி வந்தால் அது விசாரணை ஆகாது, ஆய்வுப் பயணம் ஆகிவிடும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வருகிறதா என்று பார்க்கிறோம், இருங்கள் என்றார்கள்.

முற்றத்தில் நிழலே இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டருகே உட்கார்ந்திருந்த காவலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பிக்கப்பின் கதவைத் திறந்தார். "நிக்கிற வண்டியில உக்காரக் கூடாதுன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சோபாக்காரர் அவளை முன் சீட்டில் ஏற்றிவிட்டு, மறுபக்கம் போய் ஸ்டீரிங்குக்கு எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே வாரியத்தின் மதில் சுவர்தான் தெரிந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் பார்ப்பதில் அவளுக்கு அனுபவம் இருந்தது.

"என்னங்க, இன்னைக்குத் தெருவுல கூட்டமே இல்ல" என்றாள்.

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "ஆமா, இன்னைக்கு லீவாச்சே" என்றார்.

"அங்க பாருங்க, பேக்கரிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. இது என்ன கண்றாவி கலர்?"

"மொதலாளி மாறிட்டார் போல."

"மெதுவா போங்க. என்ன அவசரம்? இடது பக்கம் திரும்புங்க, ஆத்துப் பாலத்து வழியா போலாம்."

அவர் ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினார். காற்றில்லாத சக்கரம் தரையில் கிறீச்சிட்டது. அவள் பாதி இறங்கிய ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, பாலத்திலிருந்து தண்ணீரைப் பார்த்தாள். சிரித்தாள். ஒரு மனுஷி கேட்டது இவ்வளவுதானே, இதைக்கூடச் செய்து கொடுக்க முடியவில்லையே என்று அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. ஹாரனை அமுக்கிப் பார்த்தார். பேட்டரி செத்துப்போயிருந்ததால் அதுவும் வாயைத் திறக்கவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி தேவைப்படாமலேயே விசாரணை முடிந்துவிட்டது.

மறுநாள் சோபாக்காரரைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார். தலைவரின் முகத்தில் ஒரு கண்டுபிடிப்பின் ஒளி.

"இத்தனை நாளா நாங்களே தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். உங்க ஆசை வண்டி மேல இல்ல. வண்டி எப்படிப் போனாலும் உங்களுக்குக் கவலை இல்ல, துருப் பிடிச்சாலும் கவலை இல்ல. உங்க ஆசை மொத்தமும் அந்த ஒத்தை சீட்டுல இருக்கு! அந்த சீட்ட மட்டும் கழட்டிட்டா நீங்க சொக்கத் தங்கம். மனுஷங்க படுற வேதனையப் பாத்துக்கிட்டு எங்களால சும்மா இருக்க முடியாதுங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சுக் கழட்டிடுவோம்."

சீட்டைக் கழற்ற வாரியத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களில் ஒருவரும் வண்டியைத் தொட்டதில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் அங்கே ஒரே ஒருவர்தான். ஆகவே அவரையே கழற்றச் சொன்னார்கள். அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்றார்கள். மாட்டேன் என்றால் கேஸை மூடிவிடுவோம், வண்டி பழைய இரும்புக்குப் போகும் என்றார்கள். சோபாக்காரர் குனிந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துருப் பிடித்த போல்ட்டுகள் சுலபத்தில் வரவில்லை. சீட்டைத் தூக்கியபோது அதன் மடிப்பில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் அறையின் மூலையில் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் உறையை முடித்துவிட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "சீட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அப்படியே இருக்கு" என்றார் அவர்.

உறையை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தைக்க எதுவும் இல்லாமல் போனது. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே அந்தக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் போய்விட்டாள். சோபாக்காரர் அப்போது ஒரு வீட்டில் யாருடைய நாற்காலிக்கோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கடைசியாக எடுத்துப்போன வண்டியும் வாடகை வண்டிதான்.

வாரியம் துக்கம் விசாரிக்கத் தவறவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து ஆலோசகர் அம்மா அவரை அதே தன்மையோடு வரவேற்று உட்கார வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"இப்போ சொல்லுங்க. உங்களுக்கு அந்த வண்டி வேணுமா?"

சோபாக்காரர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"தெரியலைங்க" என்றார்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். வேண்டும் என்றவர்களை வாரியம் பார்த்திருக்கிறது, வேண்டாம் என்றவர்களையும் பார்த்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாத நிலையை இதுவரை யாரும் எட்டியதில்லை. தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு பேச்சும் பேசினார்.

"இவர் மொதல் நாள் எப்படி வந்தார்னு நினைச்சுப் பாருங்க! ஆசையில துடிச்சுக்கிட்டு வந்தார். இன்னைக்குப் பாருங்க, முகத்துல ஏதாவது தெரியுதா? ஒண்ணும் தெரியல! இதுதான் எங்க வெற்றி. வழியில சில இழப்புகள் வரும். ஆனா அந்த இழப்பு இல்லேன்னா இந்த முன்னேற்றம் ஏது? சொல்லப்போனா எங்களுக்கு இவர் நன்றி சொல்லணும். ஆனா நாங்க அதுக்கும் ஆசைப்படல."

கைதட்டினார்கள். சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கேன்காரர் புது பேட்டரியோடும் காற்றடிக்கும் பம்போடும் வந்து முற்றத்தில் வேலையை ஆரம்பித்தார்.

சோபாக்காரர் மட்டும் தலைவர் அறையை விட்டு நகராமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"அந்த சீட்டுங்க."

மூலையில் இருந்த சீட்டின் மேல் தலைவரின் குடையும் சால்வையும் கிடந்தன. தலைவரின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கழட்டின பிறகு அது வண்டியில சேராது. அது தனிப் பொருள். தனியாத்தான் விசாரிக்கணும். பரவாயில்ல, நீங்க நம்ம ஆளு, நானே இங்கயே கேட்டுடறேன். என் கண்ணைப் பாத்து உண்மையச் சொல்லுங்க. அந்த சீட்டு மேல உங்களுக்கு ஏதாவது ஆசை இருக்கா?"

சோபாக்காரர் சீட்டைப் பார்த்தார். அதன் நடுவில் இன்னும் லேசான பள்ளம் இருந்தது. எந்தப் பள்ளம் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? வீட்டிலிருந்து கொண்டுவந்து கக்கத்தில் இடுக்கியிருந்த நீல உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

அந்த அலுவலகத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கே, அந்த முதல் நாளே, கேன்காரர் சொன்னபடி வாயால் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் பாலத்தைப் பார்த்திருப்பாள்.

"அப்போ தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தலைவர். "ஆசை இல்லாதவங்களுக்கு நாங்க எதையும் மறுக்கிறதில்ல."

சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். போல்ட் போட்டு முறுக்கினார். உறையை மாட்டினார். சாண் போட்டு எடுத்த அளவு, ஒரு சுருக்கம்கூட விழாமல் உட்கார்ந்தது. வண்டி நாலைந்து தடவை இருமியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்கு அடக்க முடியவில்லை. ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கேன்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து முன் கதவைத் திறந்தார்.

"தம்பி, நீ பின்னால ஏறிக்கிறியா?" என்றார் சோபாக்காரர்.

கேன்காரர் நீல உறையைப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முதுகு வலியோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார்.

மாடி ஜன்னலில் தலைவர் புதிதாக வந்தவர்களைக் கூட்டி வைத்துக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, பாருங்க! முன் சீட்டு காலியாவே போகுது. அதுல யாரையும் உக்கார வைக்கணும்கிற ஆசைகூட இல்ல பாத்தீங்களா?"

வண்டி மெதுவாகப் போய்த் தெரு முனையில் நின்றது. இடது பக்கம் திரும்பச் சொல்லிப் பக்கத்தில் யாரும் இல்லை. சோபாக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இடது பக்கம் திரும்பினார்.